பொழுது விடியும்வரை நங்கூரம்: இக்கட்டு நாட்களில் விசுவாசத்தைக் காத்துக்கொள்ளும் வழி

வேலை பறிபோய் மூன்று மாதமாக வாடகை பாக்கி வைத்திருக்கிறவர், ஸ்டான்லி மருத்துவமனை வார்டில் தகப்பனுக்குத் துணையாகத் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவர், கடலுக்குப் போன கணவர் திரும்பாத வீட்டில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு விழித்திருக்கிறவர், இவர்களில் ஒருவர் என்னிடம் வந்து "இனி நான் எப்படி ஜெபிப்பது?" என்று கேட்டால் என்ன சொல்வேனோ, அதையே இங்கே எழுதுகிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் வாரந்தோறும் கூடும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறேன். நான் வேதசாஸ்திரம் படித்தவள் அல்ல. இங்கே உள்ளவற்றில் பெரும்பகுதி, துன்பத்தில் இருந்தவர்களின் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. சில, நாங்களே துன்பத்தில் இருந்தபோது பிறர் வந்து எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவை.

கடலை வைத்துச் சொன்னால் எங்கள் பகுதியில் எவருக்கும் விளங்கும் என்பதால் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறேன். பவுலையும் சேர்த்து 276 பேர் ஏறிய கப்பல் பெருங்காற்றில் அகப்படுகிறது. அநேக நாட்களாகச் சூரியனும் நட்சத்திரமும் தென்படாமல், தப்பிப்பிழைப்போம் என்னும் நம்பிக்கை முழுமையும் அற்றுப்போயிற்று என்று அதில் எழுதியிருக்கிறது. அப்படி எழுதியவர் பவுலோடு அதே கப்பலில் பயணம் செய்த விசுவாசி என்பதை மறந்துவிட வேண்டாம். பதினான்காம் இரவில் கப்பலாட்கள் விழுது விட்டு ஆழம் பார்க்கிறார்கள். முதலில் இருபது பாகம், சற்றுத் தூரம் போனபின் பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடுவோம் என்று பயந்து, பின்னணியத்திலிருந்து, அதாவது கப்பலின் பின்பகுதியிலிருந்து, நான்கு நங்கூரங்களை இறக்கி, பொழுது எப்போது விடியுமோ என்று காத்திருந்தார்கள். அந்த இரவில் கரை எங்கே என்று எவருக்கும் தெரியாது. தெரியாத இருட்டில் பாய் விரித்து ஓடாமல், இருந்த இடத்தில் நங்கூரத்தை இறக்கி நின்றதனால்தான் விடியற்காலையில் கரையைப் பார்க்க 276 பேரும் உயிரோடு இருந்தார்கள். கஷ்டகாலத்தில் தேவன்மேல் நம்பிக்கையாயிருப்பது என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். மனதில் பலமும் சமாதானமும் பொங்கி வழிவதற்காகக் காத்திராமல், வழக்கமாகச் செய்துவந்த சிறிய காரியங்களைப் பிடித்துக்கொண்டு, கர்த்தரை விட்டு விலகாமல் விடியும்வரை நிற்பதே அது.

முதல் நாட்களில் செய்ய வேண்டியது

துக்கச் செய்தி வந்த முதல் வாரத்தில் பெரிய ஆவிக்குரிய முயற்சி எதையும் தொடங்க வேண்டாம். சாப்பிடுங்கள், தூங்குங்கள். இதை விசுவாசக் குறைவாக எண்ணுகிறவர்கள் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சாவைக் கேட்கிறான். அவனிடம் வந்த தூதன் அவனைக் கண்டிக்கவும் இல்லை, அவனுக்குப் பிரசங்கம் பண்ணவும் இல்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டி, எழுந்து சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி, இன்னும் வெகுதூரம் போகவேண்டும் என்று சொல்லிச் சாப்பிட வைக்கிறான். தேவன் எலியாவோடு மெல்லிய சத்தத்தில் பேசியது இதற்கெல்லாம் பிறகுதான். மேலே சொன்ன கப்பலிலும், விடியும் நேரத்தில் பவுல் எல்லாரையும் சாப்பிடச் சொல்லி வேண்டிக்கொண்டு, தானே அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிப் பிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

ஆகவே நான்கு நாட்களாகத் தூங்காத ஒருவரை முழு இரவு ஜெபத்துக்கு அழைத்துச் செல்வது தவறு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருப்பதும் தவறு. உபவாசத்தையும் இரவு ஜெபத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் அவை நங்கூரம் இறக்கத் தெம்பு உள்ள கைகளுக்கானவை.

பதற்றத்தில் பொருத்தனை செய்வதையும் தள்ளிப்போடுங்கள். "பிள்ளை பிழைத்தால் இதைத் தருகிறேன், அதைச் செய்கிறேன்" என்று மருத்துவமனை நடைபாதையில் சொன்ன வார்த்தையை நிறைவேற்ற முடியாமல், பிள்ளை நலமாகி வீடு திரும்பிய பின்பும் குற்ற உணர்வில் உழன்ற ஒரு தாயை நான் அறிவேன். அதைவிட மோசமானது, காணிக்கைக்காகவோ சிறப்பு ஜெபத்துக்காகவோ மீட்டர் வட்டி என்னும் கொடும் வட்டிக்குப் பணம் வாங்குவது. இல்லாதவனிடத்தில் தேவன் கேட்பதில்லை. 2 கொரிந்தியர் 8:12இல், ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று பவுல் எழுதியிருக்கிறார். வருமானமே இல்லாத மாதத்தில் தசமபாகம் கொடுக்க முடியவில்லை என்று வெட்கப்பட்டு ஆலயத்துக்கு வராமல் இருப்பவர்களிடம் இந்த வசனத்தை நான் பலமுறை வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

புலம்பலையும் ஜெபமாக்குங்கள்

நம் சபைகளில் ஸ்தோத்திரம் பண்ணக் கற்றுக்கொடுக்கிறார்கள். புலம்பக் கற்றுக்கொடுப்பது குறைவு. சாட்சி சொல்லும் நேரத்தில், விடுதலை கிடைத்தவர் எழுந்து பேசுகிறார். இன்னும் கிடைக்காதவர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். ஆனால் 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலுமாகவே இருக்கின்றன. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்னும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைச் சிலுவையில் ஆண்டவரே தம்முடைய வாயால் சொன்னார். அவர் சொன்ன ஜெபத்தை நாம் சொன்னால் பாவம் என்று எவர் சொல்ல முடியும்?

புலம்பத் தெரியாதவர்கள் 13ஆம் சங்கீதத்தை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். ஆறே வசனங்கள்தான். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர் என்று தாவீது நேராகவே கேட்கிறான். அடுத்த இரண்டு வசனங்களில் தனக்கு வேண்டியதைக் கேட்கிறான். அதன்பிறகே, "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வருகிறது. இந்த வரிசையை மாற்றாமல் உங்கள் சொந்த வார்த்தைகளில் ஒரு நோட்டில் எழுதுங்கள். கேள்வியைப் பொதுவாக எழுத வேண்டாம்; பெயரும் தொகையும் தேதியும் போட்டு எழுதுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் இந்தக் குழுக்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? எதுவரைக்கும் என் மகன் குடித்துவிட்டு வரும் சத்தத்துக்காக நான் விழித்திருப்பேன்?" என்று எழுதலாம். அதன்கீழ், இந்த வாரத்துக்கு மட்டும் என்ன வேண்டும் என்று எழுதுங்கள். கடைசி வரியாக நம்பிக்கை அறிக்கையை எழுத மனம் வரவில்லை என்றால், அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். மற்றொரு நாள் எழுதிக்கொள்ளலாம். 88ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சமே இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

தேவனைப்பற்றி முறுமுறுப்பதற்கும் தேவனிடத்தில் முறையிடுவதற்கும் உள்ள வேறுபாடு, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. முறையிடுகிறவர் கோபத்தில் சத்தம் போட்டாலும் இன்னும் தேவனுடைய சமுகத்தில்தான் நிற்கிறார்.

ஜெபம் வராத நாட்கள்

இராயபுரம் என்ற பெயரே பேதுருவின் தமிழ்ப் பெயராகிய இராயப்பர் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அங்குள்ள பழைய புனித பேதுரு ஆலயம் படகுத் தொழில் செய்த கிறிஸ்தவர்களால் கட்டப்பட்டது. மீனவனாகிய அந்தப் பேதுரு தண்ணீரின்மேல் நடந்துபோய், காற்றைக் கண்டு பயந்து அமிழ்ந்தபோது செய்த ஜெபம் மூன்றே சொற்கள்: "ஆண்டவரே, என்னை இரட்சியும்." மத்தேயு 14ஆம் அதிகாரத்தில் அடுத்து வரும் வசனத்தைக் கவனித்து வாசியுங்கள். இயேசு முதலில் கையை நீட்டி அவனைப் பிடிக்கிறார், "ஏன் சந்தேகப்பட்டாய்?" என்று கேட்பது பிடித்த பிறகுதான். சந்தேகம் தீர்ந்தால்தான் பிடிப்பேன் என்று அவர் சொல்லவில்லை.

ஆகையால் நீண்ட ஜெபம் வராதபோது ஒரே வரியை வைத்துக்கொள்ளுங்கள். பிசாசு பிடித்த மகனின் தகப்பன் மாற்கு 9:24இல் சொன்ன, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்பதைவிட உண்மையான ஜெபத்தை நான் கண்டதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதும், குழாயடியில் குடத்துக்காகக் காத்திருக்கும்போதும், மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கும்போதும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர்தாமே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்லுகிறது. நீங்கள் பேசாத ஜெபமும் அங்கே எட்டுகிறது.

என் தகப்பனார் வேலை பார்த்த ஆலை மூடப்பட்ட பிறகு, ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு அவர் சொந்த வார்த்தையில் ஜெபித்ததே இல்லை. ஆனால் ஒவ்வொரு இரவும் எங்களை உட்காரவைத்துக் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சொல்லுவார். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்துவார்; பிறகுதான் மேலே போவார். அந்த ஒரு கணத்தில் அவர் என்னென்ன கேட்டிருப்பார் என்பது, நான் பிள்ளை பெற்ற பின்புதான் எனக்குப் புரிந்தது. பழைய ஜெபங்களும் கீர்த்தனைகளும் நமக்குத் தரப்பட்டிருப்பது இதற்காகத்தான். சொந்த வார்த்தை வற்றிப்போன காலத்தில், நமக்கு முன்னே இருந்தவர்களின் வார்த்தைகளைக் கடனாக வாங்கிக்கொள்ளலாம். எங்கள் கத்தோலிக்க அண்டை வீட்டார் ஜெபமாலை உருட்டுவதையும், செவ்வாய்க்கிழமைகளில் அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார் கோவிலுக்குப் போவதையும் பார்க்கும்போது, அவர்களும் இதையே தங்கள் வழியில் அறிந்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன்.

இந்தச் சிறிய ஜெபத்துக்கு ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றை அறை வீட்டில் தனியிடம் இல்லை என்றால் மொட்டைமாடிப் படியே போதும். காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம். மனம் ஒன்றாவிட்டாலும் அந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. அந்தத் தடைக்காலத்தில் கடலுக்குப் போகாதவர்களை மீனவர்கள் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னுகிறார்கள், படகைப் பழுது பார்க்கிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள். ஜெபம் வறண்ட காலமும் அப்படிப்பட்டதே.

வாக்குத்தத்த வசனமும் நடந்த வருஷமும்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்து, அதை வீட்டுச் சுவரில் ஒட்டி வைப்பது நம்மிடையே பரவலான வழக்கம். வசனம் "உன்னைப் பெருகப்பண்ணுவேன்" என்று இருக்க, அந்த வருஷமே வேலை போய், கர்ப்பம் கலைந்து, வீட்டில் ஒரு மரணமும் நேர்ந்துவிட்டால், அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது. இதை வெளியே சொல்லக்கூட நம்மவர்கள் தயங்குகிறார்கள்.

இதற்கு நான் கண்ட வழி, அட்டையில் உள்ள ஒற்றை வசனத்தை அது பிடுங்கப்பட்ட அதிகாரத்துக்குள் திரும்பக் கொண்டுபோய் நட்டு வாசிப்பது. மிக அதிகமாக அச்சிடப்படும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வார்த்தை, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்திலேயே, எழுபது வருஷம் முடிந்தபின்புதான் திரும்பிவருவீர்கள் என்று சொல்லியிருக்கிறது. அதாவது அக்கடிதத்தை வாசிக்கக் கேட்ட முதியவர்களில் பலர் ஊர் திரும்பப்போவதில்லை. ஐந்தாம் வசனத்தில் வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறார். ஏழாம் வசனத்தில், சிறைப்பட்டுப் போன அந்த நகரத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். இவ்வளவையும் சேர்த்து வாசிக்கும்போது, இந்த டிசம்பருக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்ற உறுதியாக அந்த வசனம் இராமல், சரியாகாத ஆண்டுகளிலும் மறக்கப்படாதவர்களாகப் பிழைத்திருப்பதற்கான உறுதியாக அமைகிறது. சுவரிலிருந்து அட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் ஓரத்தில், முழு அதிகாரத்தையும் வாசித்த தேதியை எழுதி வையுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை எடுப்பதைவிட, ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து நாளுக்குச் சில வசனங்களாகத் தொடர்ந்து வாசிப்பது இக்காலத்தில் அதிகம் தாங்கும். துக்கத்தில் இருப்பவருக்கு ரூத்தும், பயத்தில் இருப்பவருக்கு மாற்கு சுவிசேஷமும், அநியாயத்துக்கு உள்ளானவருக்கு ஆபகூக்கும் ஏற்றவை என்பது என் அனுபவம். கண் மங்கியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

"என்ன பாவம் செய்தாரோ" என்பவர்களுக்கு

துன்பம் வந்த வீட்டுக்கு அதன் பின்னாலேயே இந்தப் பேச்சும் வந்து சேருகிறது. சில நேரம் அது வெளியிலிருந்து வருகிறது. பல நேரம் நம் உள்ளத்திலிருந்தே எழும்புகிறது. இதற்கு ஆண்டவர் தந்த பதில் மிகத் தெளிவானது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதைப்பற்றி லூக்கா 13ஆம் அதிகாரத்தில் பேசும்போது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று இயேசுவே சொல்லிவிட்டார். பிறவிக்குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமோ இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது, யோவான் 9:3இல் இரண்டையும் மறுத்தார். யோபுவின் நண்பர்கள் ஏழுநாள் இரவும் பகலும் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தவரையில் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கியதும் கெட்டுப்போனார்கள். கடைசி அதிகாரத்தில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது.

வடசென்னையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிப் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டிக்கொண்டது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். இவற்றை "ஆண்டவரின் சோதனை" என்று சொல்லிக் கைகட்டி இருப்பது, மனிதரின் பொறுப்பைத் தேவன்மேல் ஏற்றுவதாகும். தீர்க்கதரிசிகள் அப்படிச் செய்யவில்லை. நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டுவரக்கடவது என்று ஆமோஸ் முழங்கினான். மனு எழுதுவதும், நிவாரணத்துக்காக அலுவலகத்தில் போய்க் கேட்பதும், ஊராரோடு சேர்ந்து முறையிடுவதும் விசுவாசத்துக்கு விரோதமானவை அல்ல. மனுவைக் கையில் வைத்துக்கொண்டே ஜெபித்துவிட்டுப் புறப்படுங்கள்.

மருந்தும் ஜெபமும்

இங்கே சுருக்கமாகவே சொல்லுகிறேன், ஏனெனில் இதில் ஐயத்துக்கு இடமில்லை. எசேக்கியா மரணத்துக்கேதுவாய் வியாதிப்பட்டபோது, அவன் கண்ணீரைக் கண்ட தேவன் குணமாக்குவேன் என்று வாக்குக் கொடுத்த பின்பும், ஏசாயா அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு நடைமுறை மருந்தே சொன்னார். ஜெபித்துவிட்டோம் என்று வலிப்பு மாத்திரையையோ இன்சுலினையோ காசநோய் மருந்தையோ நிறுத்துவது விசுவாசம் ஆகாது; அப்படி நிறுத்தச் சொல்லுகிறவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் அவர் சொல்லைக் கேட்க வேண்டாம்.

மனச்சோர்வும் நோய்தான். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமின்மையும் பசியின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். எலியாவைப்போல உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற எண்ணம் வந்தால், அதை அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே போவதை ஏளனமாகப் பேசும் பழைய பழக்கத்தை நம் சபைகள் முதலில் விட்டொழிக்க வேண்டும்.

படுக்கையைச் சுமக்கும் நால்வர்

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நான்கு பேரைப்பற்றி வாசிக்கிறோம். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுக்கு அன்று எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று ஒரு வார்த்தையும் இல்லை. நீங்கள் விசுவாசிக்க முடியாத நாட்களில் உங்களுக்காக விசுவாசிக்க நால்வர் வேண்டும். நன்றாக இருக்கும் காலத்திலேயே அவர்களைத் தேடிவைத்துக்கொள்வது நல்லது; இல்லாவிட்டால் இப்போதாவது ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் வாயை அடக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் உங்கள் வீட்டுச் செய்தியை ஊருக்கு அறிவிப்பவரைத் தவிர்த்துவிடுங்கள். தேர்ந்தெடுத்தவரிடம் இப்படி நேராகக் கேளுங்கள்: "என்னால் ஜெபிக்க முடியவில்லை அக்கா, இந்த மாதம் நீங்கள் எனக்காக ஜெபியுங்கள், வாரம் ஒருமுறை வந்து பாருங்கள்."

கடன்பட்டவர்களுக்கு வெட்கமே பெரிய தடையாக நிற்கிறது. கடன் கொடுத்தவர் அதே சபையில் இருந்தால் ஆலயத்துக்குப் போவதே நின்றுவிடுகிறது. அவர்களுக்கு வேப்பேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்து 1791இல் மறைந்த மிஷனரி பெப்ரிசியஸைப்பற்றிச் சொல்லுவேன். வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அவர். அவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகள் இன்றும் நம் ஆலயங்களில் ஒலிக்கின்றன. அவரே, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கையாண்டதில் நேர்ந்த இழப்பினால், முதுமையில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். அவருடைய தவறுகளை நான் மூடி மறைக்கவில்லை. ஆயினும் கடன் அவரைக் கிறிஸ்துவின் சபைக்குப் புறம்பாக்கிவிடவில்லை, உங்களையும் ஆக்காது. முதல் ஞாயிறு மட்டும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டு, ஆராதனை முடியுமுன்னே எழுந்து போனாலும் போகட்டும். திருவிருந்து அன்று மட்டும் அப்படிப் போகாமல் முன்னே வாருங்கள்.

நால்வரில் ஒருவராக இருக்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். போகும்போது சாப்பாடு எடுத்துச் செல்லுங்கள். வசனத்தைக் கடைசியில், அதுவும் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று இழவு வீட்டில் சொல்ல வேண்டாம். ரோமர் 8:28 சத்தியம்தான், ஆனால் அதைத் துன்பப்பட்டவரே ஒருநாள் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு மாற்றாள் போவது, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, ரேஷன் கடையில் நிற்பது ஆகியவையே ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது. பதினாறாம் நாளுக்குப் பிறகு எல்லாரும் போய்விடுவார்கள். நீங்கள் நாற்பதாவது நாளில் போங்கள்.

கேட்டது கிடைக்காதபோது

பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. கெத்செமனேயில் ஆண்டவரே அந்தப் பாத்திரம் நீங்கவேண்டும் என்று மூன்றுதரம் ஜெபித்தார், அது நீங்கவில்லை. ஆகவே கேட்டது கிடைக்காமல் போனதை விசுவாசக் குறைவின் அடையாளமாக எவரும் உங்களிடம் சொல்ல அனுமதிக்க வேண்டாம். அதற்காகக் கேட்பதை நிறுத்தவும் வேண்டாம்.

அந்தக் கப்பலின் முடிவை நாம் அதிகமாகப் பேசுவதில்லை. விடிந்ததும் நங்கூரங்களை அறுத்துக் கரையை நோக்கி ஓட்டினார்கள். கப்பல் மணலில் தட்டி, பின்னணியம் அலைகளில் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். மற்றவர்களில் சிலர் பலகைகள்மேலும் சிலர் கப்பல் துண்டுகள்மேலும் போய்க் கரையேறினார்கள். கப்பல் போயிற்று; ஆட்களில் ஒருவரும் போகவில்லை.

மிக்ஜாம் வெள்ளத்தில் கொருக்குப்பேட்டையிலிருந்த என் அம்மாவின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்தபின் நாங்கள் போனபோது கட்டில், பீரோ, தையல் இயந்திரம், தகப்பனாரின் படம் எல்லாம் சேற்றில் கிடந்தன. அம்மா முதலில் தேடி எடுத்தது அவர்களுடைய வேதப்புத்தகத்தை. பக்கங்கள் ஊதி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மாடியில் காயவைத்து, வாழைப்பட்டையைப் பிரிப்பதுபோல ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம். சங்கீதங்களில் பாதியும் சுவிசேஷங்களும் மிஞ்சின, மற்றவை போய்விட்டன. புதியது வாங்கித் தருகிறேன் என்று சொன்னதற்கு, மிஞ்சியதை முதலில் வாசித்து முடிக்கிறேன் என்றார்கள். நீங்களும் இன்று இரவு உங்கள் நோட்டின் புதிய பக்கத்தில், போனவற்றின் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில், கையில் மிஞ்சியிருப்பவற்றை எழுதுங்கள்: ஒரு வசனம், ஒரு ஜெபம், பேர் சொல்லக்கூடிய ஒரு மனிதர், நாளைக் காலை ஐந்து நிமிடம்.